ஸ்பீக்கருக்குள் ஒரு கோழி

உள்ளே பேசக்கூடாது என்று தெலுங்கிலும் இங்கிலீஷிலும் போர்டு எழுதி வாசலிலேயே நிறுத்தியிருந்தார்கள். அதைப் படித்த நிமிஷத்திலிருந்து கிரண்குமாருக்கு நாக்கு அரித்தது.

"அக்கா, நாம பாட்டு கேக்க வந்தமா, பரீட்சை எழுத வந்தமா?"

"வாய மூடிக்கினு வா," என்றாள் ஹன்னா.

திருப்பதி, ரேணிகுண்டா ரோட்டில் பெரிய ஹோட்டல். இரண்டு மாடி முழுக்க ஆடியோ கண்காட்சி. ரூமுக்கு ஒரு கம்பெனி. கட்டில்களை அப்புறப்படுத்திவிட்டு, சுவரெங்கும் கனத்த திரை தொங்கவிட்டு, நடுவில் ஆளுயர ஸ்பீக்கர்களை நிறுத்தியிருந்தார்கள். மஞ்சளாக எரிகிற வால்வு ஆம்ப்ளிஃபையர், பளிங்குக் கல்லில் உட்கார்ந்து சுற்றுகிற டர்ன்டேபிள், கட்டைவிரல் தடிமனுக்கு ஒயர். ஊரில் கல்யாணத்துக்கு சவுண்டு சர்வீஸ் கட்டிப் பழகின கிரணுக்கு, சாமி சந்நிதிக்குள் செருப்போடு நுழைந்துவிட்டது போல கூச்சமாக இருந்தது.

வேறு நாளாக இருந்தால் ஒவ்வொரு ரூமாக நுழைந்து ஓசியில் பாட்டு கேட்டிருப்பான். இன்றைக்கு முடியாது. பின்னாலேயே பிளெஸ்ஸி வந்துகொண்டிருந்தாள். நெஞ்சோடு ஒரு சின்ன நீலப் பையை அணைத்துப் பிடித்திருந்தாள். பைக்குள் ஐஸ், ஐஸுக்கு நடுவில் அவள் புருஷனின் இன்சுலின்.

புருஷன் பெயர் சாம்ராஜ். 'கௌண்டின்யா ஆடியோ' என்ற சித்தூர் கம்பெனிக்காக ஒரு ஸ்பீக்கரை வருஷக்கணக்கில் இழைத்து இழைத்துச் செய்தவன். இன்று சாயந்திரம் அதற்குத்தான் இங்கே அறிமுக விழா. சனிக்கிழமை காலை வேலைக்கென்று கிளம்பிப் போனவன், ராத்திரி வெளியூரில் தங்கிவிடுவேன் என்று சொன்னதோடு சரி, வீடு திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போது பிளெஸ்ஸிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது: பெங்களூர் வந்துவிட்டேன், என்னைத் தேடாதே. அதோடு அவன் போன் செத்துவிட்டது. இன்றைக்குச் செவ்வாய்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே சாம்ராஜுக்கு சுகர். ஊசி தப்பினால் உயிருக்கே ஆபத்து. கையில் கொண்டுபோன மருந்து எப்போதோ தீர்ந்திருக்கும், மிச்சமெல்லாம் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தது. போலீசிடம் போனால், "புருஷன் பெண்டாட்டி சண்டையாம்மா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். அதன் பிறகுதான் அவள் ஹன்னாவின் ஆபீஸ் படி ஏறினாள். மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு வேறு தொடுப்பு உண்டா என்று விசாரித்துச் சொல்லியே காலம் தள்ளுகிற ஆபீஸ் அது; கிரண் அங்கே அவளுக்கு டிரைவர், கையாள், எல்லாம்.

"ஊசி இல்லாம எவ்ளோ நேரம் தாங்கும்மா?" என்று காரில் கிரண் கேட்டிருந்தான்.

"நான் நர்ஸ்ண்ணா. எனக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான் கண்ண மூட முடியல," என்றாள்.

கௌண்டின்யா ரூம் வாசலில் சாந்தகுமார் நின்றிருந்தான். பிளெஸ்ஸியின் கூடப்பிறந்த அண்ணன், கம்பெனிக்கு மார்க்கெட்டிங் மேனேஜரும் அவன்தான். டை கட்டியிருந்தான். கண் சிவந்திருந்தது.

"பிளெஸ்ஸிமா, காலையில ஏதாவது சாப்ட்டியா?" என்று தங்கையின் தலையைத் தடவினான். "மேடம், எப்படியாவது எங்க மச்சான கண்டுபிடிச்சிக் குடுங்க. இவ மொகத்த என்னால பாக்க முடியல."

உள்ளே முதலாளி பாலசுந்தரம். ஆள் கனம், குரல் அதைவிடக் கனம். "சாம்ராஜ் இல்லாம எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு. இன்னிக்குப் பாத்து இப்படிப் பண்ணிட்டானே! உக்காருங்க. அவன் என்ன செஞ்சு வெச்சிருக்கான்னு நீங்களே கேளுங்க. புத்தலப்பட்டு பக்கத்துல ஒரு பழைய மிஷன் கோயில்ல, அவனே மைக் வெச்சு எடுத்த பாட்டு இது. இந்த ஸ்பீக்கர்ல கேட்டா ஜனங்க மூச்சு விடறதுகூடக் கேக்கும்."

விளக்கு மங்கியது. பாட்டு எழும்பியது. சத்தியமாக, சும்மா சொல்லக் கூடாது! ஹார்மோனியம் இடது மூலையில் உட்கார்ந்திருந்தது. பெண்கள் பக்கம் யாருடைய வளையலோ குலுங்கியது. ஒரு குழந்தை இருமி, அதன் அம்மா முதுகில் தட்டினாள். கிரணுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

அப்போதுதான் வலது பக்கம், தரையோடு தரையாக, மெல்ல ஒரு சத்தம். கொக்... கொக்.

கிரண் கண்ணைத் திறந்தான். "அக்கா," என்று காதில் கிசுகிசுத்தான், "கோழி கூட சபையில மெம்பரா?"

பதிலுக்கு ஹன்னாவின் நகம் அவன் முழங்கையில் பதிந்தது. அவள் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. யாரோ ஒருவர் மைக்கில் தொண்டையைச் செருமி, "சரி, இப்ப—" என்று ஆரம்பிப்பதற்குள் பட்டென்று அறுந்துபோனது.

"அற்புதம் சார்," என்றாள் ஹன்னா. "எப்ப எடுத்தது?"

"போன வாரம். சனிக்கிழமை பென்டிரைவக் குடுத்துட்டுத்தான் பெங்களூர் கிளம்பினான்," என்றார் பாலசுந்தரம்.

ஹன்னா தண்ணீர் குடிக்கிற சாக்கில் கிரணை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"கோயிலுக்குள்ள கோழி எப்பப்பா வரும்?"

"எங்க ஊர் கங்கம்மா கோயில்னா வெட்றதுக்கு வரும். உங்க கோயில் சமாச்சாரம் எனக்கு இன்னா தெரியும்?"

"வருஷத்துல ஒரே நாள்தான் வரும். அறுப்பின் பண்டிகை. வெளச்சல்ல மொதல் பங்க சாமிக்குக் கொண்டாந்து வெப்பாங்க. கரும்பு, பூசணி, முட்டை, கால கட்டிப்போட்ட கோழி, எல்லாம் பீடத்துக்கு முன்னால இருக்கும். ஆராதனை முடிஞ்சதும் கோயில்லயே ஏலம் போடுவாங்க. புத்தலப்பட்டு பக்கம் அந்தப் பழைய கோயில் எங்க ஞானம்மாள் அத்தையோட கோயில்டா. அவங்க பண்டிகை எப்போ தெரியுமா? முந்தாநேத்து. ஞாயித்துக்கிழம. என்னக்கூட வரச் சொன்னாங்க, நான் போவல."

கிரண் வாயைப் பிளந்தான். "அப்போ சனிக்கிழம குடுத்த பென்டிரைவுல ஞாயித்துக்கிழம கோழி எப்பிடிக் கத்திச்சி?"

"அதான். சாம்ராஜ் ஞாயித்துக்கிழம இங்கதான் இருந்திருக்காரு. பெங்களூர் சுத்தப் பொய்."

"அந்த ஆளு பொய் சொல்றான்க்கா! ஸ்பீக்கர் ரொம்ப நல்ல ஸ்பீக்கரா பூட்ச்சி, மொதலாளியையே மாட்டி விட்ருச்சி. உள்ள பூந்து ரெண்டு வெக்கட்டுமா?"

"ஒண்ணும் வெக்க வேணாம். எனக்கு இன்னொரு பாட்டு கேக்கணும்."

திரும்பி வந்து, பிளெஸ்ஸியின் போனை வாங்கி பாலசுந்தரத்திடம் நீட்டினாள். "அந்த மெசேஜ இதுல போடுங்க சார்."

ஸ்பீக்கரில் சாம்ராஜ் பேசினான். "பிளெஸ்ஸி. நான் பெங்களூர் வந்துட்டேன். மனசு சரியில்ல. என்னத் தேடாத. எல்லாம் முடிஞ்சதும் வரேன்." அவ்வளவுதான். பேசுகிறவன் எதிரிலேயே நிற்பது போல இருந்தது. பிளெஸ்ஸி பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"இன்னொருவாட்டி," என்றாள் ஹன்னா.

இந்தத் தடவை கிரண் குரலை விட்டுவிட்டு, குரலுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று கேட்டான். அங்கே ஒன்றுமே இல்லை. ஃபேன் ஓடவில்லை, நாய் குரைக்கவில்லை. "பெங்களூர்ல ஹாரன் அடிக்காத சந்து எங்கக்கா கீது? எனக்கும் அட்ரஸ் குடு, குடி போயிட்றேன்," என்றான்.

பாலசுந்தரம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஸ்பீக்கர் பக்கம் சாய்ந்தார். தொழில்காரர் இல்லையா! "இது பெங்களூரும் இல்ல, சாதாரண ரூமும் இல்லம்மா. சாதாரண ரூம்ல பேசினா சத்தம் சுவத்துல பட்டுத் திரும்பும். இதுல திரும்பவே இல்லையே. இது எங்க ஊமை ரூம் மாதிரியில்ல இருக்கு!"

சொல்லிவிட்டு அவரே அரண்டுபோய் எல்லோர் முகத்தையும் பார்த்தார்.

அவர்களுடைய ஃபேக்டரி கங்காதர நெல்லூர் ரோட்டில் இருந்தது. முன்பு மாம்பழக் கூழ் போட்ட இடம். அங்கிருந்த குளிர் அறைக்கு உள்ளே சுற்றிலும் ஃபோம் ஒட்டி, ஸ்பீக்கர் சோதிக்கிற அறையாக மாற்றியிருந்தார்கள். வெளிச்சத்தம் உள்ளே போகாது, உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே வராது. கதவை வெளியிலிருந்து மட்டும்தான் திறக்க முடியும். வேலைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ஊமை ரூம். கண்காட்சி வேலைக்காக சனிக்கிழமை மத்தியானமே ஃபேக்டரியைப் பூட்டிவிட்டு எல்லோரும் திருப்பதி வந்துவிட்டார்கள்.

"ஐயோ, இயேசப்பா," என்றாள் பிளெஸ்ஸி.

"சாவி எங்க சார்?" சாந்தகுமார் பதறினான்.

"என் பேக்லதான் கீது..." என்றார் பாலசுந்தரம்.

"குடுங்க, நான் கூடப் போறேன். எங்க மச்சான் சார் அவரு!"

கிரண் கார் எடுக்க ஓடினான். திரும்பிப் பார்த்தபோது ஹன்னா பாலசுந்தரத்திடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கையை விரித்து விரித்துப் பதில் சொன்னார். நல்லா நடிக்கிறான்யா என்று மனசுக்குள் திட்டினான். ஆனால் ஒன்று உறுத்தியது. ஆளை ஒளித்து வைத்தவன், ஒளித்த இடத்தைத் தானே காட்டிக் கொடுப்பானா?

சந்திரகிரி தாண்டியதும் மிதித்த மிதியில் கார் அலறியது. முன்னால் ஹன்னா. பின்னால் அண்ணனும் தங்கையும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஹன்னா போனில் யாருக்கோ என்னவோ தட்டிக்கொண்டே வந்தாள், பிறகு காதில் வைத்தாள்.

"அத்தை, நான் ஹன்னா. பண்டிகை நல்லா நடந்ததா? ... மைக் வெச்சிக்கினு யாராச்சும் வந்தாங்களா? ... ம். ... ம். ... ரெண்டு பேரா? ... சரி அத்தை, அப்புறம் பேசறேன்."

போனை மடியில் வைத்துவிட்டு ரோட்டையே பார்த்தாள். கொஞ்ச தூரம் போன பின் திரும்பாமலே கேட்டாள். "பிளெஸ்ஸி, அந்த மெசேஜ் வந்தப்ப வீட்ல நீங்க மட்டும்தான் இருந்தீங்களா?"

"டியூட்டி முடிச்சி அப்பதான் வந்தேன். அண்ணனும் வந்துட்டாரு. பூசணிக்காய் ஒண்ணு எடுத்தாந்தாரு. வெச்ச கொழம்ப என்னால துன்ன முடியல. அவருதான் பக்கத்துல உக்காந்து ஆறுதல் சொல்லிக்கினு இருந்தாரு."

"வர்ற வழியில சந்தையில வாங்கினது மேடம்," என்றான் சாந்தகுமார்.

"அப்படியா?" என்றாள் ஹன்னா. கிரண் பக்கவாட்டில் பார்த்தான். அவள் கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. இந்த அக்கா பயந்து அவன் பார்த்ததில்லை. என்ன ஏதென்று தெரியாமலே ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தினான்.

மாந்தோப்புக்கு நடுவில் ஃபேக்டரி. ஈ காக்கை இல்லை. கேட்டையும் ஷெட்டையும் சாந்தகுமார் திறந்தான். பழைய மாம்பழ வாடை இன்னும் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. கோடியில் இரும்புக் கதவு, அதில் கை நீளத்துக்கு ஒரு பிடி. அதை அவன் இழுத்தபோது உள்ளேயிருந்து அடைபட்ட காற்று முகத்தில் அடித்தது.

"போங்க," என்று ஒதுங்கி நின்றான். "எனக்கு... பாக்கறதுக்குத் தைரியம் இல்ல."

பிளெஸ்ஸி அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். கிரண் போன் லைட்டைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனான். நாலு பக்கமும் கறுப்பு ஃபோம் பல் பல்லாக நீட்டிக்கொண்டிருந்தது. காலடிச் சத்தம் காலடியிலேயே செத்தது. தன் காதுக்குள் ரத்தம் ஓடுவது கிரணுக்குக் கேட்டது. இதற்குள்ளேயா ஒரு மனுஷன் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கிடக்கிறான்? பாவம், யார் பெற்ற பிள்ளையோ!

சாம்ராஜ் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தான். உதடு வெடித்திருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. பிளெஸ்ஸி குனிந்து முகர்ந்தாள். பழுத்த பழ வாசனை. கூழ் வாடை என்று நினைத்தான் கிரண்.

"கூழு இல்லண்ணா, இவரு மூச்சு," என்றாள். "சுகர் மீறிப் போச்சு. ஆனா உசிரு கீது. அக்கா, உசிரு கீது!"

பையைத் திறந்தாள், ஊசியை எடுத்தாள், சட்டையைத் தூக்கி வயிற்றில் போட்டாள். "ஆஸ்பத்திரிக்கு உடனே போகணும். ஆம்புலன்ஸ்..."

"வந்துக்கினு இருக்குது," என்றாள் ஹன்னா. அவள் உள்ளே வரவில்லை, நிலைப்படியிலேயே கதவில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தாள். "போலீசும்தான்."

கிரண் திரும்பிப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் சாந்தகுமாரின் முகம் தெரிந்தது. மச்சான் பிழைத்திருக்கிறான் என்று கேட்டவன் முகமா அது? சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

சாம்ராஜின் உதடு அசைந்தது. "மச்சான்... ஊசி தரேன்னாரு. பெங்களூர்னு சொல்லு, தரேன்னாரு. சொன்னேன். தரல."

பிளெஸ்ஸி அப்படியே நிமிர்ந்தாள்.

"அந்தப் பாட்ட அறுத்தது யாருன்னு யோசிச்சேன்," என்றாள் ஹன்னா, யாரையும் பார்க்காமல். "'சரி, இப்ப'ன்னு சொன்னவரு அடுத்தது ஏலத்த ஆரம்பிச்சிருப்பாரு. ஏலம் கேட்டா அது என்ன நாளுன்னு தெரிஞ்சிடும்னு பயந்து அறுத்திருக்கான். பாலசுந்தரம் சாருக்கு நம்ம பண்டிகையப் பத்தி என்ன தெரியும்? அறுத்தவன் நம்ம கோயில் ஆளு. லேப்டாப்புல கேட்டு அறுத்திருக்கான், அதுல கோழி கேக்கல. அந்த பென்டிரைவ சனிக்கிழம சாம்ராஜ் குடுத்ததா சொல்லி சார் கையில குடுத்ததும் நீங்கதான், சாந்தகுமார்."

"மேடம், என்ன உளர்றீங்க?"

"சாம்ராஜ் கூட நீங்களும் ஞாயித்துக்கிழம அந்தக் கோயிலுக்குப் போனீங்க. வெளியூர் ஆளாச்சேன்னு ஏலத்துல உங்க தலையில ஒரு பூசணிய கட்டிட்டாங்க. சபைக்கு முன்னால மாட்டேன்னு சொல்ல வெக்கம். எங்க அத்தை சொன்னாங்க, டை கட்டின தம்பி பூசணியத் தோள்ல வெச்சிக்கினு போனாருன்னு. அங்கேருந்து மச்சான நேரா இங்க கூட்டியாந்து, சார் பேக்லேருந்து சுட்டாந்த சாவியில தொறந்து அடச்சீங்க. அப்புறமாவது அந்தப் பூசணிய ரோட்டுல வீசியிருக்கலாம். பீடத்துக்கு முன்னால வெச்ச பொருள வீச நம்ம சனத்துக்குக் கை வராது. தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோய் சமைக்கக் குடுத்தீங்க."

"அக்கா," என்றான் கிரண், "தெரிஞ்சேவா இந்த ஆள கார்ல ஏத்திக்கினு வந்தே?"

"சாவி அவர் கையில இருந்துச்சுடா. கதவு தொறக்கற வரைக்கும் நல்லவராவே இருக்கட்டும்னு விட்டேன். செத்துப்போயிருப்பாரு, மொதலாளி தலையில போட்டுடலாம்னு நெனச்சித்தான் அவரும் தொறந்தாரு. இந்த ஸ்பீக்கர் டிசைன வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு கேக்குதாம், பாலசுந்தரம் சார் சொன்னாரு. சாம்ராஜ் விக்க மாட்டேன்னுட்டாராம். சாம்ராஜ் இல்லேன்னா உரிமை பிளெஸ்ஸிக்கு. பிளெஸ்ஸி அண்ணன் காட்டற எடத்துல கையெழுத்து..."

முடிக்க விடவில்லை. சாந்தகுமார் அவள் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினான். ஹன்னா கிரண் மேல் வந்து விழுந்தாள், போன் தெறித்து எங்கோ உருண்டது. கதவு நகர்ந்தது. வெளிச்சம் ஒடுங்கிக்கொண்டே வந்தது. கிரண் எழுந்து ஓடப் பார்த்தான், தரையில் விரித்திருந்த கம்பி வலையில் கால் சிக்கிக்கொண்டது. அவ்வளவுதான், இந்தக் குழிக்குள் நாலு பேருக்கும் சமாதி என்று நினைத்தான்.

கதவு முழுசாக மூடவில்லை. நிலைக்கும் கதவுக்கும் நடுவில் பிளெஸ்ஸி நின்றிருந்தாள்.

"மூடுண்ணா," என்றாள். "என்னையும் வெச்சி மூடு."

"பிளெஸ்ஸிமா, தள்ளு. நான் சொல்றதக் கேளு..."

"மெசேஜ் வந்த அன்னிக்கி ராத்திரி தாகமா கீதுன்னு ஃபிரிட்ஜத் தொறந்தியே. தண்ணி பாட்டிலுக்கு முன்னாலதான அவரு மருந்து டப்பா இருந்துச்சு. அத நவுத்தி வெச்சிட்டுத்தான பாட்டில எடுத்த? நவுத்தி வெச்சிட்டு வந்து, என் தலையத் தடவி, வந்துடுவாரு அழாதன்னு சொன்ன. மூடு. யார்கிட்ட கையெழுத்து வாங்குவன்னு நானும் பாக்கறேன்."

கதவு அவள் தோளை அழுத்திக்கொண்டிருந்தது. அவள் அசையவில்லை. சாந்தகுமாரின் கை பிடியிலேயே இருந்தது. தள்ளவும் இல்லை, விடவும் இல்லை. அழுதான். அவன் அழுகையைப் பார்க்க கிரணுக்கு அருவருப்பாக இருந்தது. வெளியே மாந்தோப்புப் பக்கம் ஜீப் சத்தம் கேட்டபோதுதான் அந்தக் கை கீழே விழுந்தது.

பிளெஸ்ஸி கதவை அகலத் திறந்தாள். வெளிச்சம் உள்ளே சாம்ராஜின் முகம் வரைக்கும் போனது. அவன் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். பிறகு ஹன்னாவிடம் திரும்பினாள்.

"அக்கா, போலீஸ் வந்து புகார் குடுக்கறது யாருன்னு கேட்டா, அவன் தங்கச்சின்னு எழுதிக்கச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு, புருஷன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.